வாசல் நாக்கு

சீனித்தாய்க்கு இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வந்துவிடும். ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள், முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாகச் சொல்லிப் பழகியவள். கேட்கிறவர்கள் கடைசியில் ‘அப்படியென்றால் அது நல்ல வீடுதானே’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, யாராவது இளகிய மனசுக்காரர்கள் ‘பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே’ என்று அதன்மேல் இரக்கப்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்தே பாதியில் நிறுத்திவிடுவாள். அதனால் எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவாள்: அது ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, காலைத் தூக்கினால் கூடவே கொஞ்ச உயரம் ஒட்டிக்கொண்டு வந்தது. மீதி எதை மறந்தாலும் இதை மறந்துவிடக் கூடாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டதும் சென்னையில் வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கெல்லாம் வாசற்படியில் நாக்கு முளைத்தது. சொந்தக்காரன் தானே குடியிருந்த வீட்டுக்கு முளைக்கவில்லை, கடைக்கு முளைக்கவில்லை, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முளைக்கவில்லை, எந்த வாசலில் எப்போதாவது ‘டூலெட்’ அட்டை தொங்கியதோ அந்த வாசலில் மட்டும், கதவுக்கு அடியிலிருந்து, ஒரு முழ அகலத்துக்கு, ரோஸ் நிறத்தில், மேலே மாவு படிந்ததுபோல் வெளுத்து, நீட்டிக்கொண்டு கிடந்தது. ஏன் முளைத்தது என்று டிவியில் ஒரு வாரம் நாலு பேர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள், அடுத்த வாரம் வேறு சண்டை வந்துவிட்டது. பட்டணம் அதைப் பழகிக்கொண்டது. பாத்திரக் கடைகளில் நாக்கு வழிக்க இரண்டடி நீளத்தில் எவர்சில்வர் தகடு தொங்கவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் பாத்திரத்துக்குத் தனி, துணிக்குத் தனி, நாக்குக்குத் தனி என்று கூலி பேசினார்கள். மார்கழிக் கோலம் போட்டவர்கள் நாக்கைச் சுற்றிக் கோட்டை வளைத்துக்கொண்டு போனார்கள், தெரியாமல் அதன்மேலேயே புள்ளி வைத்தவர்களின் மாவை அது தின்றுவிட்டது. வெயிலில் காய்ந்து வெடிக்காமலிருக்க மத்தியானத்தில் ஈரச் சாக்குப் போர்த்தினார்கள். அடுக்குமாடிகளில் சங்கம் கூடி, வழித்தெடுத்த அழுக்கைப் பச்சை வாளியில் போடுவதா நீல வாளியில் போடுவதா என்று கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். வாசல் அட்டைகளில் ‘இரண்டு பெட்ரூம், போர் தண்ணீர்’ என்பதற்குக் கீழே ‘சாதுவான நாக்கு’ என்று ஒரு வரி சேர்ந்தது.

வீடு பார்க்க வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். அது உள்ளங்காலை, விரலிடுக்கை, குதிகால் வெடிப்பை நிதானமாக நக்கிப் பார்க்கும். ஒத்துக்கொண்டால் பாய் விரித்ததுபோல் தட்டையாகப் படுத்துவிடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் சுருண்டு எழுந்து ‘ச்சீ’ என்று சொல்லும். அந்த ஒரு வார்த்தைதான் அதற்குத் தெரியும், ஆனால் தெருமுனை வரைக்கும் கேட்கும். இதில் வீட்டுக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. முன்பெல்லாம் ‘நீங்க என்ன ஆளுங்க’ என்பதை நேராகக் கேட்க வெட்கப்பட்டு, ஊர்ப் பேரைக் கேட்டு, குலசாமியைக் கேட்டு, தாத்தா பேரைக் கேட்டு, கல்யாண வீட்டில் என்ன சாப்பாடு போடுவீர்கள் என்று கேட்டு வாய் வலிக்க விசாரித்தவர்கள், இப்போது ஒன்றுமே கேட்பதில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தை பிறந்து நாலாம் நாள் சீனித்தாய் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷனையும் மகளையும் கூட்டிக்கொண்டு இந்தப் பட்டணத்தில் வந்து இறங்கினாள். புருஷன் வீரபெருமாள் இருபத்தாறு வருஷம் பட்டாசுக்கு மருந்து கலந்து, நெஞ்சுக்குள்ளே கரியும் கந்தகமும் படிந்து, நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறவர். பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது மாத வைத்தியம், வாரம் இரண்டு தடவை, நடுவில் ஒரு தடவை விட்டாலும் மறுபடி முதலிலிருந்து, அதைத் தாங்க நெஞ்சில் பலம் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புகை ஆகாது, தூசி ஆகாது, சாக்கடை வாடை ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு பாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். மகள் தவமணிக்கு அதே பக்கத்தில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை கிடைத்திருந்தது. ஆக, ஒன்பது மாதத்துக்கு யாரும் வெளியே போ என்று சொல்லாத ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான் சீனித்தாய் கேட்டது.

இறங்கியது எருக்கஞ்சேரியில் வீரபெருமாளின் தங்கை சந்தனமாரி வீட்டில். ஒரே அறை. அந்த வாசலிலும் நாக்கு இருந்தது, ஆனால் கிழட்டு நாக்கு. சாக்கடை ஓரத்தில் கிடந்து கிடந்து ருசி செத்துப்போய், யார் மிதித்தாலும் சும்மா கிடந்தது. பட்டணத்து வீடுகள் துப்பியவர்களெல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள் என்பதால் அந்தத் தெருவில் மாட்டுக்கொட்டடிகூடக் காலி இல்லை. வீரபெருமாளுக்கு இரண்டு நாளிலேயே இருமி இருமி உதட்டோரம் நீலம் பாரித்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்கள் என்று சந்தனமாரியின் புருஷன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் வெள்ளிக்கிழமையை இரண்டு தடவை சொன்னார்.

சந்தனமாரிதான் ஜோதிலிங்கம் என்ற வீட்டுத் தரகரைச் சொன்னாள். தலையில் போடாத ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு திரிகிற ஆள். பார்த்ததும் சீனித்தாயின் காலைத்தான் பார்த்தார், முகத்தைப் பிறகுதான் பார்த்தார்.

“பேரு இன்னாம்மா?”

“சீனித்தாயி.”

“பேருல இருக்கிற இனிப்பு கால்ல இருக்குதான்னு பாக்கணும்மா. எதுனா தேய்ச்சுக் குளிச்சியா? நல்லெண்ணெ வாடை இருந்தா சில வூடு தும்மும்.”

முதல் வீடு ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி. சீனித்தாய் படியில் ஏறி நின்றாள். அதுதான் அவள் வாழ்க்கையில் முதல் தடவை. கீழே இருந்து ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டதுபோல் சூடாக ஆவி அடித்தது; பிறகு அந்த ஈரம், குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரைக்கும், மாடு கன்றை நக்குவதுபோல் சொரசொரப்பாக, ஆனால் மாட்டுக்கு இருக்கிற பிரியம் இல்லாமல், கடைக்காரன் புளியை நாக்கில் வைத்துப் பார்க்கிற மாதிரி. சுண்டுவிரல் இடுக்கில் நுனியை நுழைத்து அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. சீனித்தாய்க்குக் காலையில் தின்ற இட்லி மேலே வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அதிசயமாக அது தட்டையாகப் படுத்தது. ஜோதிலிங்கம் பின்னாலிருந்து மெச்சிச் சப்புக்கொட்டினார்.

வீட்டுக்கார அம்மாள் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சும்மா பேச்சுக்கு, சாப்பாட்டுக்கெல்லாம் நீங்கள் எப்படி என்று கேட்டாள். சீனித்தாயும் நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று, எங்களுக்கு அதிகமாக ஒன்றும் வேண்டாம், ஆனால் அவருக்கு மட்டும் வெஞ்சனம் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டாள். அவள் ஊரில் அவரைக்காய்ப் பொரியலும் வெஞ்சனம், கத்தரிக்காய்க் கூட்டும் வெஞ்சனம், சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது எதுவானாலும் வெஞ்சனம். அந்த அம்மாள் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. எந்தப் பிராணியோ என்று நினைத்துவிட்டாள். அவள் முகம் கோணியதைப் பார்த்து நாக்கும் கோணியது. படுத்துக் கிடந்தது மெதுவாக எழுந்து, அவசரப்பட்டுவிட்டோமே என்பதுபோல் ஒரு தடவை நடுங்கி, ‘ச்சீ’ என்றது. எச்சில் தெறித்துச் சீனித்தாயின் சேலைக் கரையில் விழுந்தது.

“எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்ல. வீட்டுக்கு ஒத்துக்கணுமில்ல,” என்றாள் அந்த அம்மாள், தன் வீட்டு நாயைப் பற்றி மன்னிப்புக் கேட்கிறவள்போல.

தெருவுக்கு வந்ததும், அவரைக்காயைத்தான் சொன்னேன் என்று சீனித்தாய் அழமாட்டாக்குறையாகச் சொல்ல, ஜோதிலிங்கம் ஹெல்மெட்டில் தாளம் போட்டுச் சிரித்தார். இனிமேல் எங்கே போனாலும் வாயைத் திறக்காதே, காலை மட்டும் காட்டு என்றார்.

காலை மட்டும் காட்டினாள். அந்த வாரம் பதினோரு வீடு. ஜோதிலிங்கம் ஒவ்வொன்றின் குணத்தையும் மாட்டுத் தரகுக்காரன்போல் வழியிலேயே சொல்லிக்கொண்டு வருவார்: இது கூச்ச நாக்கு, அழுத்தி மிதிக்காதே; இது மப்பு நாக்கு, மத்தியானத்துக்கு மேலேதான் முழிக்கும்; இது சந்தேக நாக்கு, இரண்டு காலையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒன்று அவள் பாதத்தைத் தொட்டதும் துடைத்துக்கொள்ள மிதியடியைத் தேடியது. ஒன்று நக்கவே இல்லை, தூரத்திலேயே முகர்ந்துவிட்டு ‘ச்சீ’ என்றது. ஒன்று வெற்றிலை போட்ட மாதிரி சிவந்து நாறியது; அது ஒத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று அவளே வேண்டிக்கொண்டாள், அதுவும் துப்பியது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரே மாதிரி கையை விரித்தார்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, சீரியலுக்கு நேரமாகிவிட்டதுபோல் உள்ளே போனார்கள். சீனித்தாயின் பாதம் எச்சில் ஊறி ஊறி வெளிறிச் சுருங்கிப் போயிற்று. சாயங்காலம் எருக்கஞ்சேரிக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள், சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், செங்கல் துண்டால் தேய்ப்பாள். தேய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் காலிலிருந்து அந்த வாடை எழும்பிவரும், சோற்றைத் தள்ளிவிடுவாள்.

“மதினி, நீ இப்படித் தேய்ச்சா எலும்பைத்தான் அது நக்கணும்,” என்றாள் சந்தனமாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய துணி விற்கிற சந்தில் எஸ்தரம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், பட்டணத்தில் பாதிப் பேர் அவள் டப்பாவை வைத்துத்தான் வீடு பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னாள்.

எஸ்தரம்மாள் பழைய பவுடர் டப்பாக்களில் பாதப்பூச்சு விற்றாள். சீனித்தாய் தான் யார், எந்த ஊர் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தெருவைச் சொல்லு. ஆளைச் சொல்லாத. நீ யாருன்னு எனக்கு எதுக்கு, யாரா ஆகணும்னு சொல்லு.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வேப்பமரமும் அகலச் சாலையும் உள்ள கற்பகவல்லி நகர் என்றாள் சீனித்தாய். எஸ்தரம்மாள் மஞ்சள் மூடி போட்ட டப்பாவை எடுத்தாள். பசுநெய், திருநீறு, புளித்த தயிர், பச்சைக் கற்பூரம், அது தவிர இன்னொரு சாமான். அது என்ன என்று சீனித்தாய் கேட்டே தீர வேண்டும் என்று நின்றதால் சொன்னாள்: அந்தத் தெருப் பெண்கள் அழகு நிலையத்துக்குப் போய்க் குதிகாலைத் தேய்த்துவிட்டு வருகிறார்கள் அல்லவா, அங்கே கூட்டி அள்ளுகிற தூள். தெருவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். சலித்துத்தான் கலக்குகிறாளாம், நகம் கிகம் இருக்காதாம்.

யாரோ ஒருத்தியின் செத்த தோலைத் தன் காலில் பூசிக்கொண்டு சீனித்தாய் வியாழக்கிழமை காலையில் சபாபதி வீட்டு வாசலில் போய் நின்றாள். சபாபதி பென்ஷன்காரர், மாடியில் மனைவியோடு அவர் குடியிருக்க, கீழ்ப்பகுதி வாடகைக்கு. அவர்களுக்குப் பக்கவாட்டில் தனி மாடிப்படி. கீழ்வாசல் நாக்கு அந்த வட்டாரத்திலேயே பேர்போனது. சபாபதி தினமும் பன்னீரில் துணியை நனைத்து அதை ஒற்றி எடுப்பார், வெள்ளிக்கிழமை நுனியில் குங்குமம் வைப்பார். சீனித்தாய் ஏறி நின்றாள். அது ஒரு நக்கு நக்கியது, நின்றது, இன்னொரு நக்கு நக்கியது, பிறகு கண்டுகொண்டதுபோல் ஒரு கனைப்புக் கனைத்து, இரண்டு பாதத்தையும் சுற்றி வளைத்து மூடிக்கொண்டது. ஜோதிலிங்கம் வானத்தைப் பார்த்தார். வீரபெருமாளின் காலிலும் பூசியிருந்தாள்; தவமணி வேலைக்குப் போயிருந்தாள். அவர் இருமலை அடக்கிக்கொண்டு நின்றதைப் பக்தி என்று சபாபதி நினைத்துக்கொண்டார். மறுநாள் வெள்ளிக்கிழமையே குடிவரச் சொன்னார். ஒரே ஒரு கண்டிஷன் சொன்னார்: வீடு ஒரு தடவை முகம் சுளித்தாலும் ஒரு வாரத்தில் காலி செய்துவிட வேண்டும், போன கார்த்திகையில் ஒரு குடும்பம் நாலு வருஷம் இருந்த பிறகும் அப்படித்தான் போயிற்று, அதில் அவருக்கு வருத்தம்தான், ஆனால் வீட்டை மீறி ஒன்றும் செய்ய முடியாது.

வெளிச்சமான வீடு அது. வேப்பங்காற்று வந்தது. மூன்று வாரத்தில் வீரபெருமாள் வாசல் வரைக்கும் நிற்காமல் நடந்தார், உதட்டு நீலம் போயிற்று. சீனித்தாய் தினமும் விடிந்ததும் முதல் வேலையாக யாருடைய தோலையோ எடுத்துத் தன் காலிலும் புருஷன் காலிலும் தடவினாள், ஒவ்வொரு நாளும் வாயை மூடிக்கொண்டு ஓங்கரித்தாள். தவமணி மட்டும் தடவிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். பாவாடை காலத்திலிருந்தே பிடிவாதக்காரி.

“எங் காலை நக்கி எனக்கு மார்க்குப் போட இது யாரும்மா? நான் தாண்டிக் குதிச்சுக்கிறேன்.”

அப்படியே காலையில் ஒரு குதி, சாயங்காலம் ஒரு குதி. தெருவில் போகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார்கள்.

கெட்டது என்னவென்றால், நாக்குக்குச் சீனித்தாயைப் பிடித்துப்போய்விட்டது. வாசலோடு கிடக்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திரும்பி நீள ஆரம்பித்தது. முதலில் கூடத்து முனை வரைக்கும். பிறகு கூடம் முழுக்க. அவள் துடைத்த தரையை அது ஒரு தடவை துடைத்தது. அவள் உட்கார்ந்து காய் நறுக்கினால் முதுகுப்பக்கம் வந்து சூடாக மூச்சு விட்டது. கழுவிக் கவிழ்த்த தட்டில் ஒரு நாள் கொழகொழவென்று கோடு கிடந்தது. அவள் அந்தத் தட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். சபாபதியின் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எங்க வீடு இவ்வளவு ஆசையா யார்கிட்டயும் போனதில்ல, உங்களுக்குக் கொடுப்பினை என்றாள். பக்கத்து வீட்டுக் குடித்தனக்காரிகள் பொறாமைப்பட்டார்கள். சீனித்தாய்க்கு மட்டும் தெரியும், அதன் ஆசை அவள்மேல் இல்லை; முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் குதிகால்மேல்.

மாசியில் ஒரு சாயங்காலம் மழைத் தூறலில் தவமணி கால் வழுக்கி, தாண்ட வேண்டியவள் அதன் நடுவிலேயே விழுந்தாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. நாக்கு அவள் பாதத்தை ஒரே ஒரு தடவை நக்கியது. கூடத்தில் கிடந்த நீளம் முழுக்க அலையடித்ததுபோல் சுருங்கி வாசலுக்கு ஓடிவந்து, தெருவே திரும்பிப் பார்க்க ‘ச்சீ’ என்றது.

மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சபாபதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். சீனித்தாயின் வாய் தானாகவே ஒரு பொய்யைச் சொன்னது: செத்த பெருச்சாளியைக் காக்கா கொண்டுவந்து படியில் போட்டுவிட்டது, இப்போதுதான் தூக்கி எறிந்தேன். சபாபதி படியைப் பார்த்தார், நனைந்து நிற்கிற பெண்ணைப் பார்த்தார், பெண்ணின் வெறும் காலைப் பார்த்தார். இந்த மாசக் கடைசியில் நல்ல நாள் பார்த்து நானே எல்லாரையும் மறுபடி ஒரு தடவை நிற்க வைக்கிறேன், பாதத்தைக் கழுவித் துடைத்துவிட்டு நிற்கலாம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

தவமணி அம்மாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சீனித்தாயும் திட்டவில்லை. இருவரும் வீரபெருமாளைப் பார்த்தார்கள். அவர் சுவரோரம் உட்கார்ந்து, வைத்தியத்தில் இன்னும் ஏழு மாதம் கிடக்கிறதென்று தெரிந்தும், எருக்கஞ்சேரிக்கே போயிருவமா என்று கேட்டார். கேட்கும்போதே இருமினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது தெரியாமல் நடந்தது. மாத்திரை தின்று தின்று வாயெல்லாம் தகரமாக இருக்கிறது, ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடு என்று வீரபெருமாள் சின்னப் பிள்ளைபோல் கேட்டுவிட்டார். எப்படியும் போகப் போகிற வீடு என்ற வெறுப்பில் சீனித்தாய் வாங்கிவந்தாள். ஜன்னலை அடைத்து, சாம்பிராணி போட்டு, மிளகாய்த்தூள் பிசிறி, சட்டியில் போட்டதும் வாடை எழுந்தது. அந்த வாடைக்குக் கூடத்திலிருந்து அது வந்தது. அடுப்படி நிலைக்கு இந்தப் பக்கம் அது வந்ததே இல்லை. அவள் பின்வாங்கியதில் கரண்டியிலிருந்து ஒரு நெத்திலி கீழே விழுந்தது. அவள் எடுப்பதற்குள் அது எடுத்துவிட்டது.

சீனித்தாய் கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கண்ணைத் திறந்தால் அது அசையாமல் நின்றது. இத்தனை காலம் பன்னீரும் பாதத் தூளும் தவிர ஒன்றும் அறியாத அந்தப் பெரிய நாக்கு, பாவி நாக்கு, உப்பும் காரமும் ஏறி நுனியிலிருந்து அடி வரைக்கும் பொடிப்பொடியாகச் சிலிர்த்தது. பிறகு அதிலிருந்து நீர் வடிந்தது. கொஞ்சமாக இல்லை, தரையில் ஓடி, சாக்கை நனைத்து, அவள் கட்டைவிரலைத் தொட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, என்ன தோன்றியதோ, சட்டியில் இருந்ததில் இன்னொன்றை எடுத்துத் தூரமாகப் போட்டாள். அது நாய்போல் ஓடிற்று.

அன்றிலிருந்து மாசக் கடைசி வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. காலையில் நெத்திலி, சாயங்காலம் வாளை. பாதப்பூச்சை நாளுக்கு ஒரு விரல் குறைத்துக்கொண்டே வந்தாள், கருவாட்டை ஒரு துண்டு கூட்டிக்கொண்டே போனாள். ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் என்று வீடு கோயில் மாதிரி புகைந்ததில் மாடிக்காரர்கள் பரவசப்பட்டார்கள். புகை ஆகாத புருஷனைப் பின்பக்க வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். முதலில் நீளக் கரண்டியால்தான் போட்டாள். இரண்டு நாள் தின்றது, மூன்றாம் நாள் கரண்டியை ஒதுக்கிவிட்டு அவள் கையைத் தேடியது. ரப்பர் உறை மாட்டிக்கொண்டு கொடுத்தாள், உறையைத் துப்பியது. கையில் ஒட்டியிருக்கிற உப்பும் அவள் வேர்வையும் சேர்ந்த ருசிதான் அதற்கு வேண்டியிருந்தது. தவமணி நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, நான் நக்கவிடாததற்கு நீ ஊட்டிவிடுகிறாயா என்று கேட்டாள். சீனித்தாய் சட்டியைப் பெண் பக்கம் நகர்த்தினாள். பெண்ணையும் ஒரு துண்டு எடுத்துத் தன் காலால் தள்ளிவிடச் சொன்னாள். அப்பாவின் இருமல் பின்பக்கத்திலிருந்து கேட்டது. தவமணி தள்ளினாள்.

சபாபதி பார்த்து வைத்த நல்ல நாளில், தானே குளித்து, புது வேட்டி கட்டி, பன்னீர்ச் செம்போடு கீழே வந்தார். மனைவியும் வந்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் மாடியில் கூடினார்கள். சீனித்தாயும் வீரபெருமாளும் தவமணியும் பச்சைத் தண்ணீரில் கழுவிய காலோடு நின்றார்கள், ஒரு பொட்டுப் பூச்சு இல்லாமல், அவரவர் காலோடு. நாக்கு மூவரையும் நக்கியது. தவமணியின் பாதத்தில் சற்று நின்றது.  பிறகு அது, கருக்கல் நேரத்தில் ஆட்டுக்குட்டி ஒட்டிக்கொள்வதுபோல், பெண்ணின் குதிகாலை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

சபாபதி முகம் தெளிந்து, எங்கள் வீட்டுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நாக்கை ஒற்றி எடுக்க ஒரு காலை அதன்மேல் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தானே நின்று கட்டி, தானே வெள்ளையடித்த வீடு. அது அவர் பாதத்தை நக்கிற்று. உப்பு இல்லை, காரம் இல்லை. சுருண்டு எழுந்தது.

“ச்சீ.”

எச்சில் வேட்டியில் விழுந்தது.  மாடியிலிருந்த பெண்கள் உள்ளே போகாமல் நின்று பார்த்தார்கள். சபாபதி செம்பைக் கையில் பிடித்தபடி, படியை விட்டு இறங்கி, தன் பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடி சீனித்தாய்க்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அந்தக் கால் எப்படிக் கூசியிருக்கும் என்று அந்தத் தெருவிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். வீட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மனைவி பொதுவாகச் சொன்னாள். காலி செய்கிற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை, எடுக்க அவர் கீழ்வாசல் பக்கம் வரவில்லை. வேறு குடித்தனக்காரர்களை அனுப்பிப் பார்க்க இரண்டு தடவை முயன்றார், வந்தவர்கள் கால் வைக்கும் முன்பே அது துப்பிவிட்டது.

வீரபெருமாளின் வைத்தியம் ஒரு நாள் விடாமல் நடக்கிறது. இப்போது தெருமுனை வரைக்கும் போய்ப் பால் வாங்கிவருகிறார். சீனித்தாய்க்கு அருவருப்பு ஒரு சொட்டும் குறையவில்லை. அது வெதுவெதுப்பாக உள்ளங்கையில் படும்போது இன்றைக்கும் உச்சி வரைக்கும் மயிர் கூச்செறிகிறது, இன்றைக்கும் ஓங்கரிக்கிறாள். ஆனால் ஒரு வேளை பிந்தினாலும் அது வேறு ருசிக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் காலையும் மாலையும், புருஷனுக்கும் பிள்ளைக்கும் முன்னால், முதல் பிடியை வலது கையால் எடுத்து அதற்குக் கொடுத்துவிடுகிறாள். பிறகு கையைச் சோப்பால் கழுவி, சாம்பலால் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள். அந்தக் கையால் சாப்பிட முடியவில்லை. தவமணி ஒரு கரண்டி வாங்கிவந்து கொடுத்திருக்கிறாள். சீனித்தாய் இப்போது கரண்டியால்தான் சோறு தின்கிறாள்.